ஆறு கடைகளுக்கு மாவு பாக்கெட் போட எந்த வரிசையில் போவது?

தொரப்பாடி மாவுக்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொரப்பாடியில் வீட்டோடு சேர்ந்த ஓர் அறையில் இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். பாக்கெட்டுகளைக் கொண்டுபோய்ப் போடுவது என் தம்பியின் வேலை, டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் டிரேக்களைக் கட்டிக்கொண்டு மாலை நான்கு மணிக்குக் கிளம்புவான். வேலப்பாடி, விருதம்பட்டு, சத்துவாச்சாரி, காந்தி நகர், கொசப்பேட்டை, பாகாயம் என்று இப்போதைக்கு ஆறு கடைகள். அவன் செல்லும் வரிசையும் இதுவேதான். கடைக்காரர்கள் எந்த வரிசையில் எங்களிடம் வாங்கத் தொடங்கினார்களோ, அதையே இன்றுவரை மாற்றாமல் பின்பற்றி வருகிறோம்.

வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கொசப்பேட்டைக் கடைக்குப் பாக்கெட் போய்ச் சேர ஐந்தரை மணி ஆகிறது. வேலூர் வெயிலில் அதற்குள் பாக்கெட் உப்பத் தொடங்கிவிடுகிறது, மாலை வாடிக்கையும் பாதி போய்விடுகிறது என்று அந்த அம்மா தினமும் குறைப்படுகிறார். நாலரைக்குள் வேண்டும் என்கிறார். சத்துவாச்சாரியில் இருப்பது மாலை நேர இட்லிக் கடை. அங்கே நாலே முக்காலுக்கு மேல் ஒரு நிமிடம் தாமதித்தாலும் வாங்க மாட்டார்கள்.

செல்பேசி வரைபடத்தில் இரண்டு இடங்களைக் கொடுத்தால் வழி காட்டுகிறது. பல இடங்களைக் கொடுத்தாலும் நான் கொடுத்த வரிசையிலேயே காட்டுகிறது. அந்த வரிசையைத்தான் நான் கேட்கிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்தபோது கோட்டுருவியல், அதாவது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம், ஒரு தாளாக இருந்தது. கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்கள் மட்டும் நினைவில் நிற்கின்றன. அந்தப் பாடம் இதற்கு உதவுமா?


ஓய்வுபெற்ற கணக்காசிரியர் எழுதியது:

அம்மா, உதவும். ஆனால் உங்கள் நினைவில் நிற்கும் பாடம் உங்கள் சிக்கலுக்கான பாடம் அன்று. இதில் பலரும் தடுமாறுவதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

கோனிக்ஸ்பெர்க்கில் பிரெகல் ஆற்றின் மேல் ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை கடந்து நகரத்தைச் சுற்றிவர முடியுமா என்பது கேள்வி. ஆய்லர் 1736-இல், நிலப்பகுதிகள் நான்கையும் முனைகளாகவும் பாலங்களை விளிம்புகளாகவும் கொண்டு, முடியாது என்று காட்டினார். ஒரு முனைக்கு ஒரு விளிம்பு வழியாக வந்தவர் வேறொரு விளிம்பு வழியாக வெளியேற வேண்டும் என்பதால், தொடக்கமும் முடிவும் நீங்கலாக ஏனைய முனைகளில் எல்லாம் விளிம்புகள் இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். அந்த ஊரிலோ நான்கு பகுதிகளுக்கும் முறையே 5, 3, 3, 3 என்று எல்லாமே ஒற்றைப்படை. கவனியுங்கள், அங்கே கடந்து தீர்க்க வேண்டியவை விளிம்புகள். உங்கள் தம்பி கடந்து தீர்க்க வேண்டியவை விளிம்புகள் அல்ல, முனைகள். ஆறு கடைகளையும் தொட்டால் போதும், எத்தனை தெருவை விட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

செல்பேசி செய்வது மூன்றாவது வகைக் கணக்கு: இரண்டு முனைகளுக்கிடையே மிகக் குறைந்த வழி. இதற்கு அடிப்படையான வழிமுறையை டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, தாளும் எழுதுகோலும் இல்லாமல் இருபது நிமிடத்தில் கண்டுபிடித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்; 1959-இல் அச்சிலும் வெளியிட்டார். கிளம்பிய இடத்துக்கு மிக அருகிலுள்ள சந்திப்பை முதலில் உறுதி செய்துகொண்டு, அதன் வழியாக மற்றச் சந்திப்புகளுக்கான நேரம் குறைகிறதா என்று பார்த்து, பிறகு அடுத்து அருகிலுள்ளதை உறுதி செய்துகொண்டே போவதுதான் அதன் சாரம். எத்தனை ஆயிரம் சந்திப்புகள் இருந்தாலும் கணினிக்கு அது பாரமே இல்லை.

உங்கள் கணக்கு அப்படிப்பட்டதன்று. விற்பனையாளர் பயணச் சிக்கல் என்று அதற்குப் பெயர். கடைகள் ஆறு என்றால், எந்தத் திசையில் சுற்றினாலும் ஒன்று என்று கொண்டு, 360 வரிசைகள் உண்டு. பதினான்கு என்றால் 4,358 கோடிக்கு மேல். நொடிக்கு ஒன்றாகச் சரிபார்த்தாலும் ஏறத்தாழ 1,380 ஆண்டுகள் ஆகும். ஆனால் ஆறு கடைக்கு அஞ்ச வேண்டியதில்லை, தாளிலேயே முடித்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். கிலோமீட்டரைக் கொண்டு கணக்குப் போடாதீர்கள். மாலை நான்கு மணிக்கு உங்கள் தம்பிக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதே விளிம்பின் எடை, அதாவது அந்த வழிக்கு நாம் போடும் மதிப்பு. வீட்டையும் சேர்த்து ஏழு இடங்கள், ஆகவே 21 ஜோடிகள். அவற்றின் நிமிடங்களை எழுதி அனுப்புங்கள்.


தொரப்பாடி மாவுக்கடை எழுதியது:

ஐயா, ஒரு வாரம் ஆயிற்று, மன்னிக்கவும். வழக்கமாகப் போகாத ஜோடிகளை அளக்க வேண்டும் என்றதும், பெட்ரோல் காசை உங்கள் கணக்கு வாத்தியார் கொடுப்பாரா என்று தம்பி கேட்டான். எப்படியோ அளந்துவிட்டோம். எல்லாம் நிமிடங்கள்.

தொரப்பாடியிலிருந்து: பாகாயம் 8, வேலப்பாடி 7, கொசப்பேட்டை 10, சத்துவாச்சாரி 20, விருதம்பட்டு 22, காந்தி நகர் 27.
பாகாயத்திலிருந்து: வேலப்பாடி 13, கொசப்பேட்டை 15, சத்துவாச்சாரி 26, விருதம்பட்டு 28, காந்தி நகர் 33.
வேலப்பாடியிலிருந்து: கொசப்பேட்டை 5, சத்துவாச்சாரி 15, விருதம்பட்டு 16, காந்தி நகர் 21.
கொசப்பேட்டையிலிருந்து: சத்துவாச்சாரி 14, விருதம்பட்டு 15, காந்தி நகர் 20.
சத்துவாச்சாரியிலிருந்து: விருதம்பட்டு 14, காந்தி நகர் 19.
விருதம்பட்டிலிருந்து காந்தி நகர் 6.

ஒவ்வொரு கடையிலும் பாக்கெட்டை எண்ணிக் கொடுத்து, காலி டிரேயை வாங்கிக்கொள்ள மூன்று நிமிடம் ஆகிறது.


காட்பாடி நிரலாளர் எழுதியது:

அக்கா, உங்கள் அட்டவணையைப் பார்த்தவுடனேயே கண்ணில் பட்டது ஒன்றுதான்: தம்பி ஒரே மாலையில் பாலாற்றை நான்கு முறை கடக்கிறார். வேலப்பாடியிலிருந்து விருதம்பட்டுக்கு ஒருமுறை, அங்கிருந்து சத்துவாச்சாரிக்கு மறுமுறை, மீண்டும் காந்தி நகருக்கு, மீண்டும் கொசப்பேட்டைக்கு. ஓட்ட நேரம் மட்டும் 7 + 16 + 14 + 19 + 20 + 15 + 8, ஆக 99 நிமிடம்.

இதில் இரண்டு விளிம்புகளை வெட்டி, வேறு இரண்டைக் கட்டிப் பாருங்கள். வேலப்பாடி–விருதம்பட்டு 16, சத்துவாச்சாரி–காந்தி நகர் 19 ஆகிய இரண்டையும் எடுத்துவிட்டு, வேலப்பாடி–சத்துவாச்சாரி 15, விருதம்பட்டு–காந்தி நகர் 6 ஆகியவற்றை வைத்தால், 35 போய் 21 வருகிறது. வேறு எதையும் தொடாமலே மொத்தம் 85 நிமிடம். சுற்றில் எங்கே வழி தன்னைத்தானே குறுக்கே வெட்டுகிறதோ அங்கே இப்படி முடிச்சை அவிழ்க்கும் உத்தியைக் குரோஸ் என்பவர் 1958-இல் எழுதினார். குறையக் குறைய மாற்றிக்கொண்டே போய், இனி எந்த இரண்டை மாற்றினாலும் குறையவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டியதுதான். அப்படி நிற்கும் இடம் எப்போதும் ஆகச் சிறந்ததாக இருக்கும் என்று உறுதி கிடையாது.

ஆகவே 360 வரிசைகளையும் ஒரு சிறு நிரல் எழுதி ஓடவிட்டேன். 85-க்குக் கீழே எதுவும் இல்லை. ஆனால் 85 நிமிடத்தில் முடியும் சுற்றுகள் ஒன்றல்ல, நான்கு இருக்கின்றன! உங்களுக்கு அதுதான் நல்ல செய்தி. நேரம் சமமாக இருக்கும்போது, எந்தக் கடை எத்தனை மணிக்குள் கேட்கிறது என்பதை வைத்துத் தேர்ந்துகொள்ளலாம்.

மேலே முடிச்சவிழ்த்த வரிசையில் சத்துவாச்சாரிக்கு 4.25-க்கே போய்விடலாம், ஆனால் கொசப்பேட்டைக்கு 5.14 ஆகிவிடுகிறது, அந்த அம்மாவின் குறை தீராது. அந்த நான்கில் இன்னொன்றை எடுங்கள்: தொரப்பாடி, பாகாயம், கொசப்பேட்டை, சத்துவாச்சாரி, விருதம்பட்டு, காந்தி நகர், வேலப்பாடி, மீண்டும் வீடு. 8 + 15 + 14 + 14 + 6 + 21 + 7, அதுவும் 85-தான். இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் பாகாயம் 4.08, கொசப்பேட்டை 4.26, சத்துவாச்சாரி 4.43, விருதம்பட்டு 5.00, காந்தி நகர் 5.09, வேலப்பாடி 5.33, வீடு 5.43. இரண்டு கெடுவும் நிறைவேறுகின்றன.


தொரப்பாடி மாவுக்கடை எழுதியது:

தம்பி, மிக்க நன்றி. இதை ஏற்றுக்கொள்ள என் மனம் முதலில் இடம் கொடுக்கவில்லை. வேலப்பாடிக்கும் கொசப்பேட்டைக்கும் இடையே ஐந்தே நிமிடம். ஒன்றில் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுச் செல்வது தவறு என்றுதான் யாருக்கும் தோன்றும். அடுத்தடுத்த கடைகளைச் சேர்த்தே போட்டால் எவ்வளவு ஆகிறது என்று நானும் கூட்டிப் பார்த்தேன்: பாகாயம், வேலப்பாடி, கொசப்பேட்டை, சத்துவாச்சாரி, விருதம்பட்டு, காந்தி நகர், வீடு என்றால் 87. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய், காந்தி நகரிலிருந்து வெறும் வண்டியாக 27 நிமிடம் திரும்பி வர வேண்டியிருக்கிறது. கணக்கு சரிதான்.

சங்கடம் வேறு இடத்தில். வேலப்பாடிக் கடை என் சித்தப்பாவுடையது. தொழில் தொடங்கிய முதல் நாள் முதல் பாக்கெட்டை வாங்கியவர் அவர்; இனி அவருக்குக் கடைசி. இதற்கு எந்த எடையைப் போடுவது என்று தெரியவில்லை.


பால் வண்டி எழுதியது:

இந்த ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வண்டி ஓட்டியவன். கணக்குத் தெரியாது, சாலை தெரியும். நிரலாளர் தம்பி போட்ட வரிசை சரியானதே. நானும் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் சத்துவாச்சாரிக்கு 4.43 என்று எழுதிவிட்டு, 4.45-க்குள் நிறைவேறுகிறது என்று சொல்வதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. இரண்டு நிமிட இடைவெளியை நம்பி வண்டி ஓட்டக் கூடாது. நாலேகாலிலிருந்து நாலே முக்கால் வரை பள்ளிக்கூடம் விடும் நேரம். ஷேர் ஆட்டோக்கள் நினைத்த இடத்தில் நிற்கும். கிரீன் சர்க்கிள் பக்கம் ஒரு பேருந்து திரும்புவதற்குள் அந்த இரண்டு நிமிடம் போய்விடும். அந்த 14 என்பது நல்ல நாளின் 14. கெட்ட நாளில் அது 20. கிளம்பும் நேரத்தை 3.50 ஆக்குங்கள், பத்து நிமிடம் கையிருப்பாக இருக்கும். மேலும், பள்ளிக் கூட்டம் பெருகுவதற்கு முன்பே கொசப்பேட்டைப் பக்கத்துச் சந்துகளைத் தாண்டிவிடலாம்.

இன்னொன்று, வரிசை மாறினால் டிரே அடுக்கும் முறையும் மாற வேண்டும். கடைசிக் கடைக்கானது அடியில், முதல் கடைக்கானது மேலே. இதை மறந்தால் பாகாயத்தில் முதல் கடையிலேயே கட்டு முழுவதையும் அவிழ்த்து அடுக்க நேரும். மூன்று நிமிடம் என்று நீங்கள் எழுதியது எட்டு நிமிடம் ஆகும்.

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்று என்று அட்டவணை போட்டிருக்கிறீர்கள். மாலையில் அப்படி இருக்காது. ஊருக்குள்ளிருந்து காட்பாடி ரயிலுக்குப் போகும் கூட்டம் ஒரு பக்கமாகவே இருக்கும்.

சித்தப்பா விஷயத்தில் என் அனுபவம்: கடைசிக் கடைக்காரரிடம், உங்கள் கடையில் மட்டும் நின்று ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் கடைசியாக வைத்தோம் என்று சொன்னால் போதும்.


பேப்பர் ஏஜென்ட் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சத்துவாச்சாரியில் நாளிதழ் போடும் பையன்களை வைத்திருக்கிறேன். எனக்கு எல்லாத் தெருவிலும் வீடுகள் இருக்கின்றன. ஒரு தெருவையும் விட முடியாது, ஆனால் ஒரே தெருவில் இரண்டு முறை மிதிப்பதுதான் பையன்களுக்கு அலுப்பு. அக்காவுக்குச் சொன்ன முறை எனக்குப் பொருந்துமா?


ஓய்வுபெற்ற கணக்காசிரியர் எழுதியது:

பொருந்தாது, கோனிக்ஸ்பெர்க்குக்கு உண்மையான வாரிசு நீங்கள்தான். உங்களுக்கு விளிம்புகள் அனைத்தும் தீர வேண்டும். 1960-இல் குவான் மெய்கோ என்ற சீனக் கணிதவியலாளர் தபால்காரரை வைத்து இதே கேள்வியைக் கேட்டார். அதனால் சீன அஞ்சல்காரர் சிக்கல் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. வியப்பு என்னவென்றால், ஆறு கடைக் கணக்கைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றும் இது, கடைகளும் தெருக்களும் பெருகும்போது அதைவிடப் பன்மடங்கு எளிது.

வீட்டுவசதி வாரியப் பகுதியைப் போலக் கட்டம் கட்டமாகத் தெருக்கள் உள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். அகலத்தில் மூன்று கட்டம், உயரத்தில் இரண்டு கட்டம். சந்திப்புகள் 12, தெருத்துண்டுகள் 17. ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை தெரு கூடுகிறது என்று எண்ணுங்கள். மூலைகளில் இரண்டு, உள்ளே நான்கு. ஓரங்களில் மட்டும் மூன்று. அப்படி ஒற்றைப்படையான சந்திப்புகள் ஆறு: மேல் ஓரத்தில் இரண்டு, கீழ் ஓரத்தில் இரண்டு, இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, சேர்த்த ஜோடிகளுக்கிடையே உள்ள தெருக்களை மட்டும் இரண்டாம் முறை மிதிக்க வேண்டும். மேலே உள்ள இரண்டுக்கும் இடையே ஒரு துண்டு, கீழே ஒன்று, இடமும் வலமும் சேர மூன்று, ஆக ஐந்து. எப்படி ஜோடி சேர்த்தாலும் ஐந்துக்குக் குறையாது. எனவே 22 துண்டுகள் மிதித்துப் பையன் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். பையன் கிளம்பிய இடத்துக்குத் திரும்ப வேண்டாம், அங்கிருந்தே பள்ளிக்குப் போகிறான் என்றால், ஒற்றைப்படைச் சந்திப்பு ஒன்றில் தொடங்கி இன்னொன்றில் முடியட்டும். இட, வல ஓரச் சந்திப்புகளையே தொடக்கமாகவும் முடிவாகவும் வைத்தால் அந்த மூன்று துண்டும் மிச்சம், 19 போதும்.

உங்கள் பகுதியை ஒரு தாளில் வரைந்து, ஒற்றைப்படைச் சந்திப்புகளுக்குச் சிவப்பு மையில் புள்ளி வையுங்கள். முட்டுச்சந்து இருந்தால் அதன் முனையும் ஒற்றைப்படையே; கிளம்பிய இடத்துக்கே வர வேண்டுமானால், அதில் போய்த் திரும்புவதை எந்தக் கணக்கும் தவிர்க்க முடியாது.

பால் வண்டி நண்பருக்கும் ஒரு சொல். கோட்டுருவியலில் பாலம் என்பதே ஒரு கலைச்சொல். எந்த ஒரு விளிம்பை எடுத்தால் கோட்டுரு இரண்டாகப் பிரிந்துவிடுமோ அதற்கு அந்தப் பெயர். மாவுக்கடை அம்மாவின் வரைபடத்தில் பாலாற்றுக் கடப்பு அப்படித்தான் நிற்கிறது. அது அடைபட்ட நாளில் ஆற்காடு–ராணிப்பேட்டை பாலம் வழியாகச் சுற்றி வரலாம் என்பது கோட்டுருவுக்குச் சம்மதம், மாவுக்குச் சம்மதமில்லை. ஆறு வறண்டுதானே கிடக்கிறது என்று மணலில் விளிம்பு வரையவும் கூடாது. அப்படி ஒரு நாளில் வடகரைக் கடைகள் இரண்டையும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டு, தென்கரைச் சுற்றை மட்டும் முடிப்பதே அறிவு.


தொரப்பாடி மாவுக்கடை எழுதியது:

பத்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கிளம்புவது 3.50. டிரேக்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்குகிறோம். கொசப்பேட்டைக்கு ஒருநாள் தவிர எல்லா நாளும் 4.20-க்குள் போய்விட்டது, அந்த அம்மா இப்போது கூடுதலாகப் பத்து பாக்கெட் கேட்கிறார். சத்துவாச்சாரிக்கு இரண்டு நாள் 4.40 ஆகிவிட்டது. நான்கு மணிக்குக் கிளம்பியிருந்தால் இரண்டு நாளும் பாக்கெட் திரும்பி வந்திருக்கும் என்பதால், பால் வண்டி ஐயாவுக்குத்தான் முதல் நன்றி. சித்தப்பா கடையில் தம்பி டீயோடு நிற்பதில்லை, வடையும் சாப்பிடுகிறான். மூன்று நிமிடம் இப்போது பதினைந்து. வீட்டுக்கு வரும்போது ஐந்தே முக்கால்.

அடுத்த மாதம் மேலும் எட்டுக் கடைகள் சேர்கின்றன, மொத்தம் பதினான்கு. அப்போது 105 ஜோடிகளை அளக்க வேண்டுமே என்றேன். தம்பி கும்பிடு போட்டுவிட்டான். வேறு வழி உண்டா?


காட்பாடி நிரலாளர் எழுதியது:

உண்டு அக்கா. கடைகளுக்கிடையே அளக்காதீர்கள், சாலைத்துண்டுகளை அளந்தால் போதும். கிரீன் சர்க்கிள், பாலத்தின் இரு முனைகள் என்று தம்பி எப்படியும் கடக்கும் சந்திப்புகளை முனைகளாக எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு இடையே போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக நிமிடம் குறித்தால், 105 ஜோடிகளையும் டைக்ஸ்ட்ரா வழிமுறை தானே நிரப்பிவிடும். அந்தத் துண்டுகள் அவர் தினமும் ஓட்டுபவையே என்பதால் பெட்ரோல் செலவு தனியாக இல்லை.

வரிசைக்கும் 4,358 கோடியைக் கண்டு மலைக்க வேண்டாம். 1962-இல் பெல்மனும், தனியே ஹெல்டும் கார்ப்பும், இதுவரை எந்தெந்தக் கடைகள் முடிந்தன, இப்போது எந்தக் கடையில் நிற்கிறோம் என்ற இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், எந்த வரிசையில் முடித்தோம் என்பது தேவையில்லை என்று காட்டினார்கள். அந்த முறையில் பதினான்கு கடைக்கு ஏறத்தாழ ஏழரை இலட்சம் படிகள். ஒரு சாதாரணக் கணினி காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடும். நாலரை, நாலே முக்கால் போன்ற கெடுக்களையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

புதிய கடைகளில் ஏதேனும் காட்பாடி ரயில்வே மேம்பாலத்துக்கு அப்பால் இருக்கிறதா என்று மட்டும் முன்னதாகச் சொல்லுங்கள். இருந்தால் அந்த மேம்பாலத்தை மூன்று வெவ்வேறு நேரங்களில் அளக்க வேண்டும்.


தொரப்பாடி மாவுக்கடை எழுதியது:

ஒன்று இருக்கிறது தம்பி. அளந்துவிட்டு எழுதுகிறேன்.